அவருக்கு முன்பே தெரியும் என்றால், குற்றம் யாருடையது? பாவத்தோடு போராடியவர்களின் அனுபவங்கள்

எங்கள் சபையில் வாலிபர் வேத வகுப்பை நடத்துகிறவன் நான். நாம் செய்வதைத் தீர்மானிப்பது தேவ சித்தமா, நம் சுயசித்தமா என்ற கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு தம்பியைப் பற்றி மட்டும், அவன் அனுமதியோடு எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒரு குழந்தை உள்ளவன். போனில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஆனால் வந்ததும் அதைப் பேசவில்லை. மனிதரைத் தம் விருப்பப்படி வனைகிறவர் தேவன் என்று பவுல் எழுதிய ரோமர் 9ஐத்தான் பேசினான். குயவன், களிமண், கனமான பாத்திரம், கனவீனமான பாத்திரம் எல்லாம் வசன எண்ணோடு வந்தன. வெகுநேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணா, இன்றைக்கு ராத்திரி நான் ஆடுவேனா மாட்டேனா என்று உலகம் உண்டாவதற்கு முன்பே தேவனுக்குத் தெரியும். தடுக்க நினைத்தால் தடுக்கலாம். தடுக்கவில்லை. அப்படியென்றால் இதுவும் அவர் சித்தம்தானே? என்னை இப்படிப் படைத்தவரும் அவர்தானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக யாரையும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. பவுலே இதை எழுப்பியிருக்கிறார்: "இப்படியானால், அவர் இன்னும் ஏன் குற்றம்பிடிக்கிறார்? அவர் சித்தத்திற்கு எதிர்த்துநிற்பவன் யார்?" ஆனால் ஒருவன் இதை எந்த நேரத்தில் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். அதனால் தர்க்கம் பண்ணாமல், "நேற்று ராத்திரி என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்" என்றேன்.

சொன்னான். மனைவி தூங்கும்வரை காத்திருந்தான். நடுவில் குழந்தை சிணுங்கியது, தட்டிக்கொடுத்தான். போன் சத்தத்தை அணைத்தான். திரை வெளிச்சத்தைக் குறைத்தான். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கடவுச்சொல்லை அடித்தபோது முதலில் தப்பாகப் போனது. மறுபடி அடித்தான். அப்புறம் பணம் போட்டான். சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் இறங்கிவிட்டது. "அண்ணா, ஒவ்வொன்றையும் நானேதான் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன்" என்றான். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு" என்ற யாக்கோபின் வசனத்தையும் அவனேதான் சொன்னான். நான் வாய் திறக்கவில்லை.

தேவன் முன்னறிகிறார், அவ்வளவுதான், வற்புறுத்துவதில்லை என்று சொல்லிச் சிலர் இந்த இடத்தில் பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. தேவன் நிர்ணயிக்கிறார் என்றும் வேதம் சொல்கிறதே. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதைப் பாருங்கள். "தேவன் நிர்ணயித்திருந்த ஆலோசனையின்படியேயும்" இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார். அதே வாக்கியத்தில், நீங்கள் அவரை "அக்கிரமக்காரருடைய கைகளினாலே சிலுவையில் ஆணியடித்துக் கொலைசெய்தீர்கள்" என்றும் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவராவது, "நிர்ணயித்தது தேவன் என்றால் எங்களை ஏன் குற்றப்படுத்துகிறீர்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருதயத்திலே குத்தப்பட்டு, "நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்றுதான் கேட்டார்கள். அந்தத் தம்பியும் அன்றைக்கு அங்கேதான் வந்து நின்றான்.

கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இந்தப் பக்கம் பள்ளத்திலிருந்து ஏறியவன் அந்தப் பக்கம் பள்ளத்தில் போய் விழுந்தான். எல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்று கிளம்பி, வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில், இனி ஆடமாட்டேன் என்று பொருத்தனை எழுதினான். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டான். அதை மீறியபோது அடித்துவிட்டு இன்னொன்று எழுதினான். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினான். கீழே இடமே இல்லை. "நான் இரட்சிக்கப்படவே இல்லை போலிருக்கிறது அண்ணா. இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவன் இப்படியா இருப்பான்?" முன்பு பாவத்துக்குச் சாக்காக இருந்த அதே உபதேசம், இப்போது அவனைக் கொல்லத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு நாங்கள் பிலிப்பியர் 2ஐ வாசித்தோம். "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறது 12ஆம் வசனம். "ஏனெனில்" என்று தொடங்கும் 13ஆம் வசனம், விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. தேவன் செய்கிறார், அதனால் நீ சும்மா இரு என்று பவுல் எழுதவில்லை. அவர் உள்ளே செய்துகொண்டிருப்பதால்தான் நீ பிரயாசப்படுவதில் அர்த்தம் இருக்கிறது என்கிறார். "விருப்பத்தையும்" என்ற இடத்தில் தம்பி நின்றுவிட்டான். ஆட்டத்தை நிறுத்தப் பலம் கேட்டுத்தான் இதுவரை ஜெபித்திருக்கிறான். அதை வெறுக்கும் மனதைத் தாரும் என்று கேட்டதே இல்லை.

ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டினின் ஜெபம் ஒன்றை அப்போது அவனுக்குச் சொன்னேன்: நீர் கட்டளையிடுவதை நீரே எனக்குத் தாரும், அப்புறம் நீர் விரும்புவதைக் கட்டளையிடும். மனிதன் தன் சுயசித்தத்தாலேயே நீதியாய் வாழ முடியும் என்று போதித்த பெலாகியு, ரோமில் இந்த ஜெபத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார். இப்படி ஜெபித்தால் மனிதன் பொறுப்பில்லாமல் போய்விடுவான் என்பது அவர் பயம். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுவின் போதனையைத் தள்ளினார்கள். நான் பார்த்த வரையில், அந்த ஜெபம் தம்பியைப் பொறுப்பில்லாதவனாக்கவில்லை. அன்று ராத்திரியே கடன் முழுவதையும் மனைவியிடம் சொன்னான். போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறான். அதற்குப் பிறகும் விழுந்திருக்கிறான். விழுந்த மறுநாள் காலையிலேயே வந்து சொல்கிறான், ரோமர் 9ஐத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

*

அண்ணன் எழுதியதை வாசித்தபின் நானும் எழுதத் துணிந்தேன். என் போராட்டம் வேறு மாதிரி. என் பாவத்துக்கு அல்ல, எனக்கு விரோதமாக நடந்த பாவத்துக்கு "தேவ சித்தம்" என்று பெயர் வைத்தார்கள்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அப்பா வேறொரு பெண்ணோடு போய்விட்டார். ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும், "அவர் சித்தம் இல்லாமல் ஒன்றும் நடக்காதும்மா, இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்குள் வேறு ஒன்று வேலை செய்தது. அப்பா போனது தேவ சித்தம் என்றால், அம்மாவை அழவைத்தவர் தேவன்தான். அப்பாவை வெறுத்தேன், அவரை அனுப்பிய தேவனையும் உள்ளுக்குள் வெறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடிக்கொண்டே வெறுத்தேன்.

பல வருஷங்களுக்குப் பின் எங்கள் ஜெபக்குழுவில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் இதைக் கொட்டினேன். அவர்கள் ஆதியாகமம் 50:20ஐ எடுத்தார்கள், தன்னை விற்றுப்போட்ட சகோதரரிடம் யோசேப்பு சொல்வது. "தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்பதைத்தான் காட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன், அது எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம். அவர்கள் அந்த வசனத்தின் முதல் பாதியில் விரலை வைத்தார்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்." விரலை எடுக்கவே இல்லை. "யோசேப்பு இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னான் மகளே. நீ இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். உங்கள் அப்பா செய்தது பாவம். தேவன் அதற்குக் கூட்டாளி இல்லை. ஆனால் அந்தப் பாவத்தைவிட அவர் பெரியவர்." அப்பா செய்ததைப் பாவம் என்று எங்கள் வீட்டு விஷயத்தில் வாய்விட்டுச் சொன்ன முதல் விசுவாசி அவர்கள்தான். அன்றைக்கு அழுததுபோல் நான் அழுததில்லை.

நாம் பல பேர் தலையெழுத்து என்று சொன்னதைத்தான் ஞானஸ்நானத்துக்குப் பின் தேவ சித்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். தலையெழுத்துக்கு முகம் கிடையாது, பாவத்தைப் பார்த்து அதற்குக் கோபம் வராது, அது யாருக்காகவும் அழாது. வேதத்தின் தேவன் அப்படிப்பட்டவர் அல்ல.

போன வருஷம் அப்பா படுத்த படுக்கையானார். போனில் பேசினார். "எல்லாம் விதிப்படி நடந்துவிட்டதும்மா" என்றார். "இல்லை அப்பா, நீங்கள்தான் போனீர்கள். நான் அதை மன்னிக்கிறேன்" என்றேன். விதி என்று ஒத்துக்கொண்டிருந்தால் மன்னிக்க அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. வெறுப்பு இன்னும் சில நாள் தலைதூக்கும். வரும்போதெல்லாம் அதையும் பாவம் என்று சொல்லி அறிக்கையிடுகிறேன், என் தகப்பன் எப்படிப்பட்டவர் என்று காரணம் சொல்வதில்லை.

*

சகோதரி, வாசித்து முடித்தபின் வெகுநேரம் பேச முடியவில்லை. கர்த்தர் உங்களைத் தாங்குவாராக.

நான் இறையியல் படித்தவன். படிக்கும்போது என்னோடு தங்கியிருந்த நண்பன், இரட்சிக்கப்படுவது யார் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலை உறுதியாக நம்புகிறவன்; நான், கிருபையை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் முடியும் என்ற வெஸ்லியின் பக்கம். பேச்சு வாதமாகி விடியும்வரை போகும். 1524லும் 1525லும் சுயசித்தத்தைப் பற்றி எராஸ்மஸும் லூதரும் எதிரெதிராக எழுதிக்கொண்டதில் தொடங்கி, 1618-19ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்து மாமன்றம், முன்குறித்தலை அப்படியே ஏற்காத ஆர்மினியஸின் சீஷர்களைக் கண்டித்தது வரை இருவருக்கும் அத்துப்படி. கத்தோலிக்கத்தின் உள்ளேயும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1598 முதல் ரோமில் தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் கிருபையைப் பற்றி வாதாடினார்கள். 1607ல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் யார் பக்கமும் தீர்ப்பு சொல்லாமல், ஒருவரையொருவர் கள்ளப் போதகர் என்று சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த முடிவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு ஒரு நாள் நண்பன் ஊருக்குப் போனவன், கோபத்தில் சொந்தத் தம்பியைக் கைநீட்டி அடித்துவிட்டுத் திரும்பி வந்தான். அன்றைக்கு வாதம் இல்லை, முழங்காலில் நின்றோம். சுயசித்தத்தை நம்புகிற நான், "ஆண்டவரே, இவன் மனதை நீரே திருப்பும்" என்று ஜெபித்தேன். எல்லாம் தேவ நிர்ணயம் என்கிற அவன், ஜெபம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் மன்னிப்புக் கேட்க மறுபடி பஸ் ஏறினான். எங்கள் கருத்து இன்றும் மாறவில்லை. வெஸ்லியும், முன்குறித்தலை நம்பிய அவர் நண்பர் வைட்ஃபீல்டும் 1740 வாக்கில் இதே விஷயத்தில் வெளிப்படையாகப் பிரிந்தவர்கள். 1770ல் வைட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். எங்களில் யார் முந்திப் போனாலும் மற்றவன் அப்படிச் செய்வான் என்று நம்புகிறேன்.

*

சுருக்கமாக ஒன்று. குடியிலிருந்து மீண்டவன் நான். எனக்குக் கைகொடுத்தது பேதுரு. உலகத்திலேயே நல்ல சாக்கு அவனிடம்தான் இருந்தது. நீ என்னை மறுதலிப்பாய் என்று ஆண்டவரே வாயால் சொல்லிவிட்டார். "நீர் சொன்னபடிதானே நடந்தது" என்று அவன் சொல்லவில்லை. அந்த மறுதலிப்புக்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நான் விழப்போவது தெரிந்தவர், விழுவதற்கு முன்பே எனக்காக ஜெபித்திருக்கிறார் என்று புரிந்த நாளில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

*

எல்லாருடைய சாட்சிகளையும் வாசித்தேன். நான் இன்னும் மீளவில்லை. ஒரே பாவத்தில் விழுவதும் எழுவதுமாக இருக்கிறேன். கொஞ்ச நாளாகப் பயம். இஸ்ரவேலரை விடாமல் பிடித்துவைத்த எகிப்து ராஜா பார்வோனின் இருதயத்தைத் தேவன் கடினப்படுத்தியதுபோல என்னுடையதையும் கடினப்படுத்திவிட்டாரோ? ஜெபிக்கவே கை வரவில்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.

*

சகோதரி, முதலில் எழுதியவன்தான் பேசுகிறேன். யாத்திராகமத்தை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் 4ஆம் அதிகாரத்திலேயே மோசேயிடம் சொல்கிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாதைகள் தொடங்கியபின், 8:15லும் 8:32லும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். கர்த்தர் கடினப்படுத்தினார் என்று 9:12ல், ஆறாவது வாதையில்தான் வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். தவளை போக வேண்டும், வண்டு போக வேண்டும், கல்மழை நிற்க வேண்டும் என்று பார்வோன் கேட்டான். என் இருதயம் கல்லாகிவிட்டதோ என்று அவன் எங்கேயும் கலங்கவில்லை. நீங்கள் அதை நினைத்துத்தான் தூங்காமல் இருக்கிறீர்கள்.

ரோமர் 9ஐத் தனியாக வாசிக்காதீர்கள். அதை எழுதிய அதே பவுல் அடுத்த அதிகாரத்திலேயே, "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்" என்று எழுதுகிறார். அந்த அதிகாரத்தின் கடைசியில், கீழ்ப்படியாத ஜனத்திடம் தேவன் "நாள்முழுதும் என் கைகளை நீட்டினேன்" என்கிறார். 9ல் களிமண்ணைப் பிடித்திருக்கும் கைகளும் 10ல் நீட்டியிருக்கும் கைகளும் ஒருவருடையவைதான். இரண்டையும் எப்படி இணைப்பது என்று பவுல் விளக்கவில்லை. 11ஆம் அதிகாரத்தை, "தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது" என்று வியந்து துதித்து முடிக்கிறார்.

ஜெபிக்க வரவில்லை என்றால், ஜெபிக்கும் மனதைத் தாரும் என்பதை மட்டும் சொல்லுங்கள், அதுவும் ஜெபம்தான். அப்புறம், உங்கள் சபையில் நீங்கள் நம்புகிற ஒரு அக்காவிடம் இந்த வாரத்திலேயே போய்ப் பேசுங்கள். ஜெபக் குறிப்பு என்று பொதுவாகச் சொல்லாமல், அந்தப் பாவத்தின் பெயரையே சொல்லுங்கள்.