உயிலில் வரும் ‘எக்ஸிக்யூட்ரிக்ஸ்’: இந்தப் பெண்பால் விகுதி எங்கிருந்து வந்தது?

கேள்வி

பழைய ஆங்கில உயில் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுதியவரும் பெண், நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர்களும் பெண்கள். எழுதியவரை ‘டெஸ்டாட்ரிக்ஸ்’ என்றும் மற்றவர்களை ‘எக்ஸிக்யூட்ரிக்ஸ்’ என்றும் சொல்கிறது. நடிகையை ‘ஆக்ட்ரஸ்’ என்னும் மொழி இங்கே மட்டும் ஏன் ‘ட்ரிக்ஸ்’ என்கிறது? இரண்டுமே லத்தீன்தானா? மூன்றாம் பக்கத்தில் ‘எக்ஸிக்யூட்ரிசீஸ்’ என்றும் வருகிறது. அச்சுப்பிழையோ என்று நேற்று மாலை முழுவதும் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

பதில் 1

பிழையில்லை, அதுதான் பன்மை. பல ஆண்டுகளாக லத்தீன் படித்துவருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விகுதி இது. செய்பவன் ‘-டோர்’, செய்பவள் ‘-ட்ரிக்ஸ்’. கடைசியில் உள்ள ‘ஸ்’ எழுவாய்க்கு உரியது. அது விலகினால் அடியில் இருக்கும் ‘க்’ வெளிப்படும். அந்த ‘க்’தான் ஆங்கில வாயில் ‘ச’ ஆகிப் பன்மையில் நிற்கிறது.

நமக்கும் இது அந்நியமில்லை. லத்தீனில் ஈன்றவள் ‘கெனெட்ரிக்ஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ஜனித்ரி’. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் ரோமில் வீனஸுக்கு எழுப்பிய கோயிலில் அவள் பெயர் ‘வீனஸ் கெனெட்ரிக்ஸ்’. தன் குலத்தை ஈன்ற தாய் என்று அவளைக் கொண்டாடினார்.

‘-எஸ்’ பிறப்பால் லத்தீன் அன்று, கிரேக்கம். அரசியைக் கிரேக்கர் ‘பசிலிஸ்ஸா’ என்றார்கள். அந்த ‘-இஸ்ஸா’வைப் பிற்கால லத்தீன் கடன் வாங்கியது. மடத்துத் தலைவி ‘அப்பாட்டிஸ்ஸா’ ஆனாள். அவளே ஆங்கிலத்தின் ‘அப்பெஸ்’. பிரெஞ்சில் அது ‘-எஸ்’ என்று தேய்ந்து, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆங்கிலத்தில் பரவியது. ஆகவே ‘ஆக்ட்ரஸ்’ என்பதில் ‘ட்ரிக்ஸ்’ ஒளிந்திருக்கவில்லை. ‘ஆக்டர்’ என்பதோடு ‘-எஸ்’ ஒட்டியது, அவ்வளவே.

அதற்கு முன்பே பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தப் பெண்பால் விகுதி இருந்தது. ‘ஸ்பின்ஸ்டர்’ என்றால் முதலில் நூல் நூற்பவள். அந்த ‘-ஸ்டர்’ பெண்பாலைக் குறித்தது மக்களுக்கு மறந்துபோனதால், தையல்காரிக்கு மேலும் ஒரு விகுதி சேர்த்து ‘சீம்ஸ்ட்ரஸ்’ என்றார்கள். ஒரே சொல்லில் இரண்டு பெண்பால்! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது.

பதில் 2

கணிதத்திலும் ‘ட்ரிக்ஸ்’ இருக்கிறது. பரவளையத்தின் இயக்குவரை ஆங்கிலத்தில் ‘டைரெக்ட்ரிக்ஸ்’. அங்கே பெண் யாருமில்லை. அது ஒரு கோடு. கோட்டைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘லீனியா’ பெண்பால் என்பதால் ‘இயக்கும்’ என்று அதற்கு அடையாக வரும் சொல்லும் பெண்பாலானது. இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும் இதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று வருந்துகிறேன்.

பதில் 3

‘-எட்’டை மறக்க வேண்டாம். அது பிரெஞ்சில் சிறுமையைக் குறிக்கும் விகுதி. வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களை ஏளனம் செய்யவே 1906இல் பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழ் ‘சஃப்ரஜெட்’ என்று எழுதியது. அவர்கள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1912இல் தங்கள் பத்திரிகைக்கும் அதைச் சூட்டினார்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ‘நிறைவேற்றுபவள்’ என்று எழுதியிருந்தேன். மரியாதைக் குறைவாகப் பட்டதால் அடித்துவிட்டேன். நம் ‘-நர்’ இருபாலுக்கும் பொது என்பதால் ‘நிறைவேற்றுநர்’ என்றே வைக்கிறேன். பெண்கள் என்பது முதல் பக்கத்தில் அவர்கள் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. உயில் எழுதியவருக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?