அண்டர்டேக்கரின் கடைசி வருஷங்கள்: உடம்பு போச்சா, ஆட்டத்தை அமைச்ச விதம் தப்பா?

பாலக்கோடு_பாய்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ஊர்ல ப்ரொஜெக்டர் கட்டி பசங்களுக்கு ரெஸ்லிங் போட்டுக் காட்டப் போறோம். எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பசங்க. அண்டர்டேக்கர்னா அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கிளிப்தான்: 2019 ஜூன் 7, ஜெட்டா, கோல்ட்பர்க்கோட ஆட்டம். அதைப் பார்த்துட்டு, "இவரைப் பத்தியா இவ்ளோ பேசுறீங்க?"ங்கறாங்க. ரெஸ்லிங் டிரம்ப் கார்டு வச்சு விளையாடின காலத்துல அவர் கார்டு கைக்கு வந்தாலே ஜெயிச்ச மாதிரிதான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

இறக்கம் நிஜமா எங்க ஆரம்பிச்சது? ரோமன் ரெய்ன்ஸ் ஆட்டத்துலயும் கோல்ட்பர்க் ஆட்டத்துலயும் என்னதான் தப்பாச்சு? "வயசாயிடுச்சு"ங்கற பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும். எந்த இடத்துல, எந்த மூவ்ல, எதனாலன்னு சொல்லுங்க. மொத்தமா ரெண்டு மணி நேரம் இருக்கு. எதை எந்த வரிசையில போடலாம்?

ஓசூர்_ரிங்சைடு:

தம்பி, 2019-ல தேடாதீங்க. 2011-ல இருந்து பாருங்க. அந்த வருஷம் ஏப்ரல் 3, அட்லாண்டாவுல ரெஸில்மேனியா 27, WWE கம்பெனியோட வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சி. டிரிபிள் எச்சை ஜெயிச்சும் தன் கால்ல நடந்து போகாம, தூக்கிட்டுப் போனாங்க. அது கதைக்காக வச்ச காட்சியா இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் 2012 ஏப்ரல் 1 வரைக்கும், முழுசா ஒரு வருஷம், அவர் ரிங்ல ஆடவே இல்ல. வருஷத்துக்கு ஒரு ஆட்டம்ங்கற பழக்கம் அங்கதான் ஆரம்பம். என் கணக்குல உடம்பு தேய்ஞ்சதுக்குச் சமமா இந்த இடைவெளியும் அவரைக் கெடுத்தது.

ரிங் மெத்தைனு பசங்க நினைப்பாங்க. முதல்ல அதை உடைங்க. அடியில இரும்புச் சட்டம், மேல மரப்பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், அப்புறம் கான்வாஸ். அவ்வளவுதான். யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, ஆனா விழற பலகை பலகைதான். தாடையை நெஞ்சோட ஒட்டி, மூச்சை வெளிய விட்டு, முதுகோட மேல்பாகம் முழுசும் ஒரே சமயத்துல தரையில படற மாதிரி, கைகளை விரிச்சு அறைஞ்சு விழணும். தாடை ஒரு நொடி விலகினா பின்மண்டை போய் அடிக்கும். வாரத்துக்கு நாலு நாள் விழறவனுக்கு இது யோசிக்காம வரும். வருஷத்துக்கு ஒருதரம் விழறவன் யோசிச்சாகணும், யோசிக்கிற நேரத்துக்குள்ள தரை வந்துடும்.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், ரெஸில்மேனியா 30. வயசு 49. முந்தின வருஷம் ஏப்ரலுக்கு அப்புறம் அதுதான் முதல் ஆட்டம், எதிர்ல பிராக் லெஸ்னர். ஆட்டத்துக்கு நடுவுலயே மண்டையில அடிபட்டு மூளை அதிர்ச்சி. அன்னிக்கு நடந்த பெரும்பகுதி ஞாபகமே இல்லைனு அவரே பின்னால சொல்லியிருக்கார். லெஸ்னரோட முடிவு மூவான எஃப்-5 மூணாவது தரம் விழுந்ததுல, ரெஸில்மேனியாவுல தோக்காத அவர் கணக்கு 21-0ல இருந்து 21-1 ஆச்சு. லெஸ்னரை ஜெயிக்க வச்சது சரியா தப்பான்னு சண்டை போட இங்க இடம் வேண்டாம். பசங்களுக்குக் காட்ட வேண்டியது கடைசிப் பத்து நிமிஷத்துல அவர் எழுந்திருக்கிற வேகத்தை. 2009-ல எழுந்ததுக்கும் இதுக்கும் பாதிகூட வராது.

அடுத்து 2017 ஏப்ரல் 2, ஆர்லாண்டோ, ரெஸில்மேனியா 33, ரெய்ன்ஸ். தப்பான மூவ் எதுன்னா, அண்டர்டேக்கரோட முடிவு மூவான டோம்ப்ஸ்டோனை எதிர் டோம்ப்ஸ்டோனா புரட்டறது. ஒருத்தர் இன்னொருத்தரைத் தலைகீழா வயித்தோட வயிறு ஒட்டித் தூக்கியிருப்பார். தலைகீழா இருக்கிறவர் காலை வீசித் தரைக்கு வரணும், அதே வீச்சுல மேல இருந்தவர் தலைகீழாப் போகணும். இதுல தூக்கறவன் பலம் பாதிதான். தூக்கப்படறவர் இடுப்பை மடக்கி எம்பினாத்தான் மீதிப் பாதி வரும். அண்டர்டேக்கரோட அறிவிச்ச எடை 309 பவுண்ட், அதாவது 140 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ஞ்ச நிலையிலதான் அன்னிக்கு வந்தார், அதுக்கப்புறம்தான் மூட்டு மாற்று ஆபரேஷன். எம்ப வேண்டிய இடத்துல எம்பல. 31 வயசு ரெய்ன்ஸ் அத்தனை எடையையும் தனியாத் தூக்கப் பார்த்து முடியாம, ரெண்டு பேரும் சரிஞ்சுட்டாங்க. பழி முழுக்க ரெய்ன்ஸ் மேல போட்டாங்க, அது நியாயமே இல்ல.

அதே டோம்ப்ஸ்டோன்தான் அவர் இடுப்பைத் தின்னதுன்னும் சொல்லுவேன். எதிராளி தலை முட்டிக்கு மேல நிக்கற மாதிரி தொடைகளுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு, மண்டி போட்டு விழணும். தலை தரையைத் தொடக் கூடாது. அப்போ ரெண்டு பேர் எடையும் யார் முட்டியில இறங்குது? போடறவர் முட்டியில, அங்கிருந்து இடுப்புக்கு. 1990 நவம்பர் 22-ல அறிமுகமானதுல இருந்து எத்தனை ராத்திரி இதைச் செஞ்சிருப்பார்னு நினைச்சுப் பாருங்க.

காவேரிப்பட்டணம்_டெட்மேன்:

அண்ணா அருமையாச் சொல்லிட்டார். நான் ஜெட்டாவை மட்டும் பிரிச்சுச் சொல்றேன். அந்தக் கிளிப்பைப் பார்த்துட்டு அண்டர்டேக்கரைத் திட்டறவங்க முக்கால்வாசிப் பேர் ஆட்டத்தை முழுசாப் பார்க்கல.

அண்டர்டேக்கருக்கு 54, கோல்ட்பர்க்குக்கு 52. திறந்த ஸ்டேடியம், ஜூன் மாசம், ராத்திரியிலயும் கொதிக்கிற ஊர். கோல்ட்பர்க் மூலையில ஸ்பியர் (ஓடிவந்து தோளால முட்டறது) பாயறார், இவர் விலகறார், அவர் தலை நேரா இரும்புக் கம்பத்துல. நெத்தி கிழிஞ்சு ரத்தம், மண்டையில அதிர்ச்சி. கதை அங்கயே முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் தலை சுத்தற ஒருத்தரும் வேர்வையில வழுக்கற ஒருத்தரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கப் பார்த்ததுதான்.

கோல்ட்பர்க்கோட முடிவு மூவ் ஜாக்ஹாம்மர் எப்படிப் போடணும்? எதிராளியை சுப்ளெக்ஸ் மாதிரி நேர்க்குத்தாத் தூக்கி, உச்சியில ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் தோளோட திருப்பி முதுகு படற மாதிரி இறக்கணும். உயிரே அந்த உச்சி கணத்துலதான் இருக்கு. அதுல நிக்க முடியலன்னா திருப்பறதுக்கு நேரம் கிடைக்காது. கோல்ட்பர்க்கால நிக்க முடியல. அண்டர்டேக்கர் கிட்டத்தட்ட உச்சந்தலையில போய் விழுந்தார். கழுத்து போகாம இருந்தது பெரிய விஷயம். அப்புறம் கோல்ட்பர்க் டோம்ப்ஸ்டோன் போடப் பார்த்து, அதுலயும் ரெண்டு பேரும் விழுந்தாங்க. அண்டர்டேக்கரோட சோக்ஸ்லாமோட (தொண்டையைப் பிடிச்சுத் தூக்கி அடிக்கறது) சட்டுனு முடிச்சுட்டாங்க. அதுதான் அன்னிக்கு எடுத்த ஒரே சரியான முடிவு.

இதுக்கு ஏழு மாசம் முன்னாடி, 2018 நவம்பர் 2, ரியாத்ல ஒரு ஜோடி ஆட்டம். அண்டர்டேக்கர் 53, கேன் 51, ஷான் மைக்கேல்ஸ் 53, டிரிபிள் எச் 49. நாலு பேர் வயசையும் கூட்டினா 206. டிரிபிள் எச்சுக்கு ஆட்டத்துக்கு நடுவுல நெஞ்சுத் தசை கிழிஞ்சது, கேன் முகமூடி கழண்டு விழுந்தது, 2010-ல ஓய்வு வாங்கின மைக்கேல்ஸ் வெளிய மூன்சால்ட் (பின்பக்கமாக் குட்டிக்கரணம்) அடிச்சு முகம் குப்புற விழுந்தார். இதுல ஒரு பாடம் தெளிவா இருந்தது: பெரியவர் ஒருத்தர் ஆடினா, பிடிக்கிற கை இளசா இருக்கணும். அதைப் படிக்காமத்தான் கோல்ட்பர்க்கைக் கொண்டுவந்து எதிர்ல நிறுத்தினாங்க.

பென்னாகரம்_கூத்து:

நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இதை இன்னும் சுலபமா விளக்கலாம். திரௌபதி அம்மன் கோயில்ல விடிய விடிய நடக்கிற கூத்தைப் பார்த்த பசங்கதானே. துரியோதனன் வேஷம் கட்டற மூத்த கலைஞரைக் கவனிச்சிருப்பாங்க. தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, கால்ல சலங்கை. வயசுல அவர் கிறிக்கி சுத்தினா களம் முழுக்க சுத்துவார். அறுபதுல ரெண்டு சுத்தோட நிறுத்திக்குவார். ஆனா திரையைப் பிடிச்சு, பின்னால இருந்து பாடிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா முகத்தைக் காட்டுவார் பாருங்க, அதுல குறையே இருக்காது. பாட்டுல மூச்சு வாங்கற இடத்தைப் பின்பாட்டுக்காரர் எடுத்துக்குவார். பார்க்கறவங்களுக்குத் தெரியாது.

அண்டர்டேக்கருக்கும் அதேதான். மணி அடிச்சு விளக்கு அணைஞ்சு நடந்து வர்றது கடைசி வரைக்கும் தேயவே இல்ல. அவருக்கு வேண்டியிருந்தது பின்பாட்டு. 2019 ஜூலை 14, பிலடெல்ஃபியா, எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ்: ரெய்ன்ஸோட ஜோடி சேர்ந்து ஷேன் மெக்மான், டிரூ மெக்கின்டயரை ஆடினார். ஜெட்டாவுக்கு அஞ்சே வாரம் கழிச்சு, அதே உடம்பு. ஓடற வேலை, அடி வாங்கற வேலை ரெய்ன்ஸுக்கு. இவர் சேர்ந்தாப்புல ரெண்டு மூணு நிமிஷம் உள்ள வந்து அடிக்கிறார், போறார். அவ்வளவு நல்லா இருந்தது. ஒரு கலைஞர் எப்போ விழறார், எப்போ நிக்கறார்னு இந்த ரெண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டாலே பசங்களுக்குப் புரிஞ்சுடும்.

அரூர்_ஸ்கார்ப்பியன்:

எல்லாத்தையும் ஆட்டத்தை அமைச்ச விதத்து மேல போடறதுல எனக்கு உடன்பாடில்ல. 2017-லயே கையுறை, கோட்டு, தொப்பியை ரிங் நடுவுல வச்சுட்டுப் போனார். அதோட நின்னிருக்கலாம். திரும்பி வந்தது அவர் முடிவு. ரெய்ன்ஸ் ஆட்டத்தோட பதிவைப் பார்த்து மனசு ஆறாம, இன்னும் ஒரு நல்ல ஆட்டத்தோட முடிக்கணும்னு தேடினதை 2020 ஆவணத் தொடர்ல அவரே ஒளிக்காமச் சொல்றார். அந்த ஒரு நல்ல ஆட்டத்துக்காக எத்தனை மோசமான ஆட்டம்!

சரியாச் செஞ்சவர் ஸ்டிங். 2015 செப்டம்பர் 20 அன்னிக்கு சேத் ராலின்ஸோட ஆட்டத்துல டர்ன்பக்கிள் (ரிங் மூலை மெத்தை) மேல எறிஞ்சதுல கழுத்து அடிபட்டுது. தண்டுவடப் பாதை சுருங்கியிருக்குனு தெரிஞ்சு 2016-ல ஓய்வு அறிவிச்சார். 2020 டிசம்பர்ல போட்டிக் கம்பெனியான ஏ.இ.டபிள்யூ.வுக்கு வந்தப்போ ஒத்தைக்கு ஒத்தை ஆடவே இல்ல. முதல் ஆட்டமே முன்கூட்டியே படம் பிடிச்ச தெருச்சண்டை. பக்கத்துல எப்பவும் டார்பி ஆலின் மாதிரி ஒரு இளைஞன். 2024 மார்ச் 3, கிரீன்ஸ்பரோ, 64 வயசுல ஜெயிச்சுட்டு நின்னார். அங்க ஒருதரம்கூட தோக்கல.

மறுபக்கம் ரிக் ஃபிளேர். 2022 ஜூலை 31, நாஷ்வில்ல 73 வயசுல ஜோடி ஆட்டம்தான் ஆடினார். அப்படியும் நடுவுல ரெண்டு தரம் மயங்கினேன்னு அவரே சொன்னார். அதனால ஜோடி வச்சுட்டா மட்டும் போதும்னும் நினைக்காதீங்க.

ஓசூர்_ரிங்சைடு:

அரூர்க்காரர் சொல்றது சரிதான், ஒத்துக்கறேன். நிறுத்தறதும் ஆட்டத்துல சேர்த்திதான்.

தம்பி, இப்போ வரிசை. முதல்ல ரெஸில்மேனியா 25, ஷான் மைக்கேல்ஸ், 2009, ஹூஸ்டன். அரை மணி ஆகும், ஒரு நிமிஷம்கூட வெட்டாதீங்க. அதுல மேல் கயித்துக்கு மேலாகப் பாய்ஞ்சு வெளிய விழறார் பாருங்க, பிடிக்க வேண்டிய கேமராக்காரர் சரியாப் பிடிக்காம தலை குத்தி விழறார். அதுக்கப்புறமும் ஆடி முடிச்சார். 44 வயசு அப்போ. அடுத்து ரெஸில்மேனியா 30-ல இருந்து கடைசி 12 நிமிஷம். 33-ல டோம்ப்ஸ்டோன் புரட்டற இடத்துல இருந்து தொப்பி வைக்கிற வரைக்கும். அப்புறம் 34, ஜான் சீனா, 2018. மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது, ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு லேசா நடக்கறார்னு தெரியும். அடுத்து ஜெட்டா முழுசா, உடனே பிலடெல்ஃபியா முழுசா. ரெண்டும் சேர்ந்து அரை மணிக்குள்ள.

முடிவா 2020 போன்யார்ட் ஆட்டம், ஏ.ஜே. ஸ்டைல்ஸோட. கூட்டமே இல்லாத ரெஸில்மேனியா, மயானம் மாதிரி செட் போட்டு ராத்திரியில எடுத்தது. ஒரு அடி சரியா விழலன்னா திரும்ப எடுக்கலாம், நடுவுல மூச்சு வாங்கலாம், ஸ்டைல்ஸ் மாதிரி விழத் தெரிஞ்சவர் எதிர்ல. 55 வயசு ஆளுக்கு இதைவிடப் பொருத்தமா யோசிக்க முடியாது.

ஒண்ணு மறக்காதீங்க: டோம்ப்ஸ்டோன் ஓடும்போது நிறுத்தி, தலை எங்க நிக்குதுன்னு கையால காட்டுங்க. வைக்கப்போர் மேல போட்டுப் பார்க்கற பசங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வைக்கல் அமுங்கும், முட்டி உள்ள போகும், தலை முதல்ல அடிக்கும்.

பாலக்கோடு_பாய்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்கண்ணா. அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கறதா இருக்கோம், வெட்டவெளி, வெள்ளை வேட்டிதான் திரை. போதுமா?

காவேரிப்பட்டணம்_டெட்மேன்:

அஞ்சு மணி வெயில்ல எதுவுமே தெரியாது. போன்யார்ட் முழுக்க இருட்டுக் காட்சி, அது சுத்தமாத் தெரியாது. ஆறே முக்காலுக்கு மேல ஆரம்பிங்க. வேட்டியை ரெட்டையா மடிச்சுக் கட்டி நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்க, காத்துல ஆடாது. ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால வைங்க. முதல் மணிச் சத்தம் அங்க இருந்துதான் வரணும்.