பெரிய வீட்டுப் பிள்ளைகள்

மாமா: அஸ்ஸலாமு அலைக்கும். ஓய்வுப் பணம் கைக்கு வந்துவிட்டது. ஒரு செயலியில் போடப் போகிறேன். "ஹலால் முதலீடு, மாதம் 2 சதவீதம் உறுதி." இன்றே கடைசி நாளாம். யாராவது போட்டிருக்கிறீர்களா?

லாத்தா: வ அலைக்கும் ஸலாம். அவசரப்படாதீர்கள் மாமா

தம்பி: என் ஆன்லைன் கடைக்கு நானும் முதல் கேட்டிருந்தேனே 🙂

காக்கா: மாமா, "உறுதி" என்ற சொல்லிலேயே கெட்டுவிட்டது. ஹலால் கூட்டு வியாபாரமான முளாரபா என்றால் ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு. வருகிற லாபத்தைத்தான் 60க்கு 40 என்று முன்பே பேசிப் பிரிக்கலாம். போட்ட முதலில் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் அது வட்டி. செயலிக்குப் பச்சை நிறம் அடித்தாலும் வட்டிதான்.

மாமா: ஷரீஅத் குழு ஒப்புதல் என்று போட்டிருக்கிறதே

காக்கா: குழுவில் யார் யார்? பெயர் இருக்கிறதா? அப்புறம், செயலிக்காரர் தரகரா, அவரேதான் வியாபாரியா? தரகர் என்றால் கூலியோடு சரி. உங்கள் காசில் வியாபாரம் செய்வது யார்?

மாமா: தேடுகிறேன்

லாத்தா: வெள்ளிக்கிழமை வந்தபோது என் சார்ஜரை எடுத்துப் போனது யார்? வெள்ளை, நீள வயர்

மச்சான்: நஷ்டம் வந்தால்?

காக்கா: பணம் போட்டவருக்கு. உழைத்தவருக்கு உழைப்பு வீண். இருவரும் பணம் போட்டால் முஷாரகா. நஷ்டம் அவரவர் முதலின் அளவுக்கு.

சாச்சா: எல்லாரும் படியுங்கள். நான் நடத்தி நஷ்டமான அச்சக விஷயத்தில் 15 வருடமாக இதைத்தான் சொல்கிறேன்

மாமா: கணக்கு நோட்டு எங்கே?

சாச்சா: கரையான்

மாமா: நோட்டை மட்டும் தேடித் தின்ற கரையான்

பெரியம்மா: அந்தப் பேச்சு வேண்டாம்

காக்கா: அலட்சியமோ ஒப்பந்த மீறலோ இருந்தால் உழைத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் சாச்சா. கணக்கு இல்லாமல் அதை எப்படிச் சொல்வது? வங்கிகளே இதில் தடுமாறின. 1963இல் எகிப்தின் மித் கம்ரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி லாபப் பங்கை நம்பித்தான் வந்தது. பின்னால் வந்த பல வங்கிகள், வியாபாரியின் உண்மைக் கணக்கு கைக்கு வராது என்று, பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா பக்கம் சாய்ந்துவிட்டன. இப்போது தம்பியின் ஆன்லைன் கடையில் ஒவ்வொரு விற்பனையும் போனில் பதிவாகிறது. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

தம்பி: செலவையுமா?

மச்சான்: 😂😂

லாத்தா: ரொக்கத்துக்கு விற்றால்?

காக்கா: அது அவன் ஈமான், இறைநம்பிக்கையைப் பொறுத்தது

பெரியம்மா: கடனுக்கே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறதே, குர்ஆனில் அல்பகரா 282

மாமா: சரி, இன்று போடவில்லை. தம்பி, 70க்கு 30.

தம்பி: எனக்கு 70ஆ மாமா?

மாமா: பணம் யாருடையது?

சாச்சா: பேசியதை எழுதி வையுங்கள். கரையான் வராத இடத்தில்

லாத்தா: சார்ஜர்??

தம்பி: என்னிடம்தான் லாத்தா. கடை போன் அதில்தான் ஓடுகிறது

மாமா: 60க்கு 40. மாமியைக் கேட்டுச் சொல்கிறேன்