ஆணை கொடுத்தும் செலவாகாத பணத்துக்கு ஒரு சொல்: ‘கடப்பாட்டுத் தொகை’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பல்லாண்டு ஆய்வுத் திட்டங்களின் நிதித் திட்டமிடலுக்காக நாம் தொகுத்துவரும் சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. ஆய்வுக்கெனத் தரப்படும் நிதியுதவியை, ‘மானியம்’ என்றதும் உரமும் எரிவாயுவும் நினைவுக்கு வருவதால் ‘நல்கை’ என்று கொண்டோம். ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்னும் வழக்கு அதற்குத் துணையாக இருக்கிறது. ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’, ‘செலவுத் தலைப்பு’ ஆகியவற்றில் எவருக்கும் மறுப்பு இல்லை. எஞ்சியிருப்பது ஒன்றுதான். கொள்முதல் ஆணை கொடுத்தாகிவிட்டது. பொருள் வந்து சேரவில்லை. பணமும் கணக்கை விட்டுப் போகவில்லை. இந்த நிலையில் இருக்கும் தொகையை என்னவென்று அழைப்பது?

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய மூன்றாண்டுத் திட்டம் ஒன்றில், டிசம்பரில் ஆணை கொடுத்த அயல்நாட்டுக் கருவி ஏப்ரல் இறுதியில்தான் வந்தது. மார்ச் 31 வரையிலான செலவு அறிக்கையில் அதற்கான தொகை முழுவதும் ‘செலவிடப்படாத இருப்பு’ என்றே பதிவாயிற்று. அறிக்கையைப் பார்த்தவர்கள் திட்டம் மந்தமாக நடப்பதாகக் கருதி அடுத்த தவணையைக் குறைத்தார்கள். அதன் விளைவாக ஆய்வு மாணவி ஒருவர் மாதக்கணக்கில் உதவித்தொகை இல்லாமல் இருந்தார். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது என்பது உண்மை. ஆனால் அதைத் தயாரித்த கணக்காளரிடம் நான் பேசியது தமிழில். ‘ஆர்டர் போட்ட பணம்’ என்று சொன்னேன். அதைச் செலவு என்றும் எழுத முடியாமல், வேறு பெயரும் தெரியாமல், அவர் இருப்போடு சேர்த்துவிட்டார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். முதலாண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வந்தது. 9 லட்சம் செலவாயிற்று. 8 லட்சத்துக்கு ஆணை கொடுக்கப்பட்டுள்ளது. இருப்பு 11 லட்சம் என்று மட்டும் எழுதினால் வந்த பணத்தில் 55 விழுக்காடு கிடப்பில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் எதற்கும் கட்டுப்படாமல் இருப்பது 3 லட்சம், அதாவது 15 விழுக்காடு. இந்த இரண்டு எண்களில் எதைக் கொண்டு இரண்டாம் ஆண்டைத் திட்டமிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுக்கு நிதி வழங்கும் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) தம் நல்கையாளர்களிடம், ஆண்டு ஒதுக்கத்தில் கட்டுப்படாத இருப்பு 25 விழுக்காட்டைத் தாண்டுமா என்று கேட்டு, தாண்டுமானால் விளக்கம் கோருகின்றன. அங்கே கேட்கப்படுவது வெறும் இருப்பு அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தேவைப்படுகிறது. பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பாமல், அரசுக் கணக்கிலேயே வைத்துத் தேவைப்படும்போது எடுக்கவிடும் ஒற்றைக் கருவூலக் கணக்கு முறைக்குள் வந்துவிட்ட நிறுவனங்களில், நிதியாண்டு முடியும் நாளில் பயன்படாத ஒதுக்கம் காலாவதியாகிவிடுகிறது. கப்பலில் வந்துகொண்டிருக்கும் கருவிக்காக அது காத்திருப்பதில்லை. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும் இடங்களிலும், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 230ஆம் விதியின்படி, அதில் சேரும் வட்டி மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். ஆகவே இந்தப் பணம் நம் கணக்கில் இருந்தாலும் நம் விருப்பப்படி பயன்படுத்தக்கூடியது அன்று. அதே நேரத்தில் செலவானதும் அன்று.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘கொடுபட வேண்டிய செலவு’ போதும் என்று வணிகவியல் பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் வேரூன்றிய நல்ல சொல் அது. எனினும் அது குறிப்பது, சேவையைப் பெற்றுக்கொண்ட பின்னும் பணம் கொடுக்கப்படாமல் இருக்கும் நிலையை: மார்ச் மாதச் சம்பளம், கடந்த மாத மின்கட்டணம் போன்றவை. நாம் பேசுவது பொருள் வருவதற்கு முந்தைய நிலை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தணிக்கையாளர் பொருள் இருப்புப் பதிவேட்டைக் கேட்பார், அதில் பதிவு இருக்காது.

‘வில்லங்கத் தொகை’ என்னும் பரிந்துரையைப் பற்றி நீண்ட நேரம் சிந்தித்தேன். அயல்நாட்டுப் பல்கலைக்கழகக் கணக்குகளில் இத்தொகைக்கு வழங்கும் ‘encumbrance’ என்னும் சொல்லைத்தான் நம் பத்திரப்பதிவு அலுவலகங்கள் வில்லங்கம் என்று தமிழாக்கியிருக்கின்றன. ஒரு சொத்தின்மேல் இன்னொருவருக்கு உள்ள பாத்தியதையை அது துல்லியமாகவே சுட்டுகிறது. ஆயினும் பேச்சு வழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு என்று பொருள்பட்டுவிட்டது. முறையாக ஒப்பந்தப்புள்ளி கோரி, முறையாக ஆணை கொடுத்த ஒருவர், தம் அறிக்கையில் ‘வில்லங்கத் தொகை 8 லட்சம்’ என்று எழுதத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது. ‘பிணைத்தொகை’ நீதிமன்ற ஜாமீனுக்குப் போய்விட்டது. ‘உறுதியளித்த செலவு’ என்பதிலும் இடர் உண்டு: மாநில நிதிநிலை பற்றிய எழுத்துகளில் அதற்கு இணையான ‘committed expenditure’ என்னும் ஆங்கிலச் சொல் சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றின் தொகுப்பைக் குறிக்கிறது.

ஆகவே ‘கடப்பாட்டுத் தொகை’ என்பதை முன்வைக்கிறேன். கடப்பாடு என்பது செய்தே ஆகவேண்டிய கடமை. ஆணை கொடுத்த கணத்தில் நமக்கு ஏற்படுவது அதுவே. ‘கைம்மாறு வேண்டாக் கடப்பாடு’ என்று வள்ளுவர் மழையைச் சொன்ன இடத்தில் (குறள் 211) இச்சொல் பயன் கருதாக் கொடையைக் குறிப்பதால் கொள்முதலுக்குப் பொருந்தாது என்று அம்மையார் ஒருவர் தெரிவித்த கருத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே ‘கைம்மாறு வேண்டா’ என்று தனியே அடை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையே நான் எனக்குச் சான்றாகக் கொள்கிறேன். கைம்மாறு உள்ள கடப்பாடும் உண்டு என்பதால்தானே அந்த அடை தேவைப்பட்டது.

இச்சொல்லின் பெரிய வசதி, அதிலிருந்து பிற சொற்கள் தாமாகவே கிளைப்பது. ‘கடப்பாடற்ற இருப்பு’ என்றால் மேற்கண்ட 3 லட்சம் உடனே விளங்கும். அமெரிக்க ஒன்றிய அரசின் நல்கை விதிகள், திட்டக் காலம் முடிவதற்குள் கடப்பாடு ஏற்பட்டிருக்க வேண்டும், முடிந்த 120 நாட்களுக்குள் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று இரு கெடுக்களை வைக்கின்றன. ‘கடப்பாடு ஏற்றல்’, ‘கடப்பாடு தீர்த்தல்’ என்று அவ்விரண்டையும் குழப்பமின்றிச் சொல்லலாம்.

எல்லை ஒன்றையும் வரையறையில் எழுதிவிட வேண்டும். ஆய்வு மாணவருக்கு இனிவரும் ஆண்டுகளில் தரவேண்டிய உதவித்தொகை கடப்பாட்டுத் தொகை ஆகாது என்பது என் கருத்து. வீட்டு வாடகைப் படி நீங்கலாக, இளநிலை ஆய்வாளராக முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்தபின் மூன்றாம் ஆண்டில் 42,000 ரூபாயும் என்று கணக்கிட்டால் மொத்தம் 13,92,000 ரூபாய் ஆகிறது. அதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே ஒதுக்கிவைத்துச் சிந்திப்பது நல்ல திட்டமிடல்தான். ஆனால் அவர் பணி செய்யச் செய்யத்தான் அந்தக் கடமை மாதந்தோறும் உருவாகிறது; விகிதமும் மாறக்கூடியது. 2023 ஜனவரி 1 முதல் இளநிலைத் தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தபோது, நடந்துகொண்டிருந்த திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. இத்தகையதை ‘எதிர்நோக்குச் செலவு’ என்று வேறாக வைக்கலாம்.

தீராத ஐயம் ஒன்று இருக்கிறது. வழங்குநர் பொருளைத் தராமல் ஆணை இரத்தாகும்போது அத்தொகை மீண்டும் கடப்பாடற்றதாகிறது. அதற்குக் ‘கடப்பாடு விடுவிப்பு’ என்றுதான் முதலில் குறித்துவைத்திருந்தேன். ஆனால் தவணை வருவதையே ‘நிதி விடுவிப்பு’ என்று அலுவலகங்களில் எழுதிவருகிறோம் என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மயங்கும். ‘கடப்பாடு நீக்கம்’ என்று மாற்றியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் அன்பர்களுக்குத் தோன்றினால், தொகுப்பை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எழுதுமாறு வேண்டுகிறேன்.