முத்தம் இல்லாமல் ரோமியோ ஜூலியட் சந்திப்புக் காட்சி: கையை வைத்தே செய்துவிட முடியுமா?

ஹட்டன்_ஆசிரியை

ரோமியோ ஜூலியட் முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் இருவரும் விருந்தில் சந்திக்கிற இடத்தை மட்டும் தமிழில் போடுகிறோம். நடிப்பவர்கள் ஆசிரியர்கள், மறுநாள் காலை வகுப்பில் நிற்க வேண்டியவர்கள். பார்க்க வருவது தோட்டத்துக் குடும்பங்கள், கைக்குழந்தையிலிருந்து பாட்டி வரைக்கும். மேடையில் முத்தம் கிடையாது என்பது முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் லைட்டை அணைக்கலாம் என்கிறார் ஒருவர், வசனத்தோடு வெட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர்.

முத்தத்தை எடுத்தால் காட்சி நிற்குமா? அந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவரை முத்தமிடுவது சாதாரணமா? எட்டாம் வரியில் வரும் 'பாமர்' (palmer) என்ற சொல்லைத் தமிழில் என்ன செய்வது? நோட்டீஸில் போட அந்தக் காலத்து ஓவியம் ஒன்றும் வேண்டும்.

மேடைக்கோணம்

மிஸ், லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். இருட்டானதும் பின்வரிசை விசிலடிக்கும், நீங்கள் மறைத்ததைவிடப் பெரிய முத்தத்தை ஆளாளுக்குக் கற்பனை பண்ணிக்கொள்வார்கள். வெட்டவும் வேண்டாம். இருவரும் முதலில் பேசிக்கொள்ளும் 14 வரிகளும் சேர்ந்து ஒரே சொனெட், அதாவது 14 வரியில் முடிகிற பாட்டு. முதல் நான்கு வரி ரோமியோவுக்கு, அடுத்த நான்கு ஜூலியட்டுக்கு, மிச்சத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ரோமியோ வரிக் கடைசியில் எதுகை வைத்த சொற்களில் இரண்டை (this, kiss) அப்படியே எடுத்து அவள் பதில் கட்டுகிறாள். நடுவில் எதை உருவினாலும் பாட்டு சரிந்துவிடும்.

முதல் வரியிலேயே ரோமியோ அவள் கையைப் பிடித்துவிடுகிறான். "புனிதத் தலத்தைத் தீட்டாக்கிவிட்டேன், என் இதழால் அதைச் சரிசெய்கிறேன்" என்று அவசரப்படுகிறான். ஜூலியட் கையை உதறுவதில்லை, பிடியைத்தான் மாற்றுகிறாள். 'தூயவர்க்கும் கை உண்டு, யாத்திரிகர் தொடுவதற்கு' என்று சொல்லிக்கொண்டே எட்டாம் வரியில் உள்ளங்கையோடு உள்ளங்கையை நேராக நிறுத்துகிறாள். பிடித்த கை கும்பிட்ட கையாகிறது. காட்சியின் முதுகெலும்பே இந்தத் திருப்பம்தான். அதனால் எட்டாம் வரிக்கு முன் உள்ளங்கைகள் ஒட்டவே கூடாது.

இருவரும் சபைக்குத் தூரமான கையைப் பயன்படுத்துங்கள். கிட்டக் கையை நீட்டினால் முகம் மறையும். உயரம் காறை எலும்பு மட்டம். விரல்கள் நிமிர்ந்து ஒட்டியிருக்கட்டும். கோத்துக்கொண்டால் கலியாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும், இதுதான் எல்லோரும் செய்கிற பிழை. 13ஆம் வரியில் அவள் 'சொரூபம் அசையாது' என்கிறாள். அங்கே கண் இமையைத் தவிர எதையும் அசைக்காமல் நிற்க வேண்டும். வெட்கப்பட்டுத் தலை குனிந்தாலும் கெட்டது, ஏனென்றால் அனுமதி கொடுப்பவள் அவள்.

இப்போது முத்தத்துக்கு வருவோம். மூலத்தில் 14ஆம் வரி முடிந்ததும் ஒன்று, 18இல் ஒன்று. இரண்டையும் கையால் செய்யலாம். வழி நம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. மாதா சொரூபத்தைத் தொட்ட விரலைத்தானே உதட்டில் வைக்கிறோம்? ரோமியோ அவள் உள்ளங்கையைத் தொட்ட தன் கையைத் தன் உதட்டில் ஒற்றட்டும். 'பாவம் கழிந்தது' என்கிறான். 'அப்படியானால் அந்தப் பாவம் என்னிடம் வந்துவிட்டதே' என்று ஜூலியட் தன் உள்ளங்கையைத் தன் உதட்டில் வைக்கட்டும். 'என் பாவத்தைத் திருப்பிக் கொடு' என்றதும் கைகள் மறுபடி சேரும். அப்போது செவிலித்தாய் கூப்பிட்டுவிடுவாள். உதடும் உதடும் சேரவில்லை, ஆனால் வசனத்தில் ஒரு கணக்கும் பிசகவில்லை.

தப்பு மேளம் வைத்திருந்தால் 13ஆம் வரிக்கு முன் நிறுத்துங்கள். அந்த மௌனத்தில் கீழே வேறெதுவும் அடிக்க வேண்டாம்.

வெலிமடை_வாசகன்

'பாமர்' என்று அப்படியே எழுதினால் 'பாமர மக்கள்' என்றுதான் காதில் விழும். ஜெருசலேம் போய்த் திரும்பும் யாத்திரிகர் குருத்தோலை கொண்டுவருவார், அதனால் வந்த பெயர். ஆங்கிலத்தில் ஓலைக்கும் உள்ளங்கைக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே சிலேடை ஓடுகிறது. தமிழில் அதைத் துரத்தினால் களைத்துப்போவீர்கள். நமக்கு வேறொன்று இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய வெள்ளியன்று சிலுவையை 'முத்தி செய்கிறோம்' என்றுதான் கத்தோலிக்கர் சொல்வார்கள். முத்தி என்றால் முத்தம், முத்தி என்றால் வீடுபேறும். 'உள்ளங்கை சேர்வதே யாத்திரிகர் முத்தி' என்று எட்டாம் வரியைப் போட்டுவிட்டால், 15ஆம் வரியில் பாவம் கழிவது தானாகவே பொருந்திவிடும். கடைசியில் ஜூலியட் கிண்டலடிக்கும் வரிக்கு 'சாத்திரம் பார்த்துத்தான் முத்தி செய்கிறீர்' என்று வைக்கலாம்.

ரோமியோ என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் ரோமாபுரி போகும் யாத்திரிகன் என்று பொருள். சிவனொளிபாதமலை சீசனில் உங்கள் பஸ் நிலையத்தில் பார்க்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டு ரோமியோவுக்கு உடுப்புப் போடுங்கள், தோளில் ஒரு பை போதும்.

முத்தம் சாதாரணமா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் ஆம். 1499இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், வீட்டுக்குப் போனாலும் முத்தம், விடைபெற்றாலும் முத்தம் என்று அதிசயப்படுகிறார். ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி என்று நினைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிரெஞ்சு இளவரசி, திருமணத்துக்கு முன் முத்தமிடுவது எங்கள் வழக்கமில்லை என்கிறாள், அரசர்களுக்கு வழக்கம் வளையும் என்கிறான் ஹென்றி. லண்டன் சபைக்கு உதட்டு முத்தம் மரியாதையாகவும் இருக்கலாம், கைதான் காட்டிக்கொடுக்கும். ஒதெல்லோவில் காசியோ எமிலியாவை அவள் கணவன் இயாகோ முன்னாலேயே முத்தமிடுகிறான், அதை உபசாரம் என்று சொல்லிவிடுகிறான். பிறகு ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் கையைப் பிடிக்கும்போதுதான் இயாகோ வலை பின்னத் தொடங்குகிறான். அவள் உள்ளங்கை ஈரமாக இருப்பதையே ஒதெல்லோ பின்னால் குற்றமாகப் படிக்கிறான்.

அறிஞர்களும் இதில் தடுமாறினார்கள். பிளாட்டோவுக்கு உரை எழுதிய இத்தாலிய அறிஞர் ஃபிச்சினோ காதலுக்குக் கண்ணும் காதும் அறிவும் போதும் என்று தொடுகையைத் தள்ளிவைத்தார். 1528இல் அச்சான, அரசவைக்காரர்களின் உரையாடலாக அமைந்த காஸ்டிலியோனேயின் நூலில் பெம்போ என்பவர் பேசும்போது முத்தத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுகிறார். வாய் சொல் புறப்படும் இடம், ஆகவே இரண்டு உயிர்கள் அங்கே கலக்கின்றன என்பது வாதம். கெட்டிக்கார வாதம்தான்!

சுவரோவியம்

நோட்டீஸ் விஷயத்தில் கவனம். இணையத்தில் மறுமலர்ச்சி முத்தம் என்று தேடினால் தொப்பிக்காரன் ஒருவன் நீலப் பட்டுடுத்திய பெண்ணை முத்தமிடும் படம்தான் முன்னால் வரும். அது இத்தாலிய ஓவியர் ஹயேஸ் 1859இல் வரைந்தது, உடுப்பு மட்டும்தான் பழசு. அடுத்து ப்ரொன்சினோவின் வீனஸும் கியூபிட்டும் வரும், 1545 வாக்கில் வரைந்தது, காலம் சரி. ஆனால் முத்தமிடுவது தாயும் மகனும், உடுப்பும் இல்லை. தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்ட முடியாது.

பாதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் 1305 அளவில் ஜொத்தோ தீட்டிய சுவரோவியங்களில் மாதாவின் பெற்றோர் யோவாக்கிமும் அன்னாளும் நகர வாசலில் சந்திப்பதைப் பாருங்கள். மறுமலர்ச்சிக்கு ஒரு படி முந்தியது, பரவாயில்லை. வயதான தம்பதி, இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே முகமாகத் தெரியும், அவள் கை அவர் தலையைப் பிடித்திருக்கும். பாட்டிமாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அதே சுவர்களில் யூதாசின் முத்தமும் இருக்கிறது, மஞ்சள் போர்வை இயேசுவை அப்படியே மூடிவிடும். தவறியும் அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள், சிறிதாக்கினால் இரண்டும் அணைப்பு மாதிரித்தான் தெரியும்.

நடிப்பவர்களுக்குக் காட்ட டிஷியன் 1514 வாக்கில் வரைந்த 'என்னைத் தொடாதே' நல்லது. மதலேனாள் கை நீட்டுகிறாள், இயேசு துணியை இழுத்துக்கொண்டு வளைகிறார். தொடாத அந்த இடைவெளியில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்று பார்க்கட்டும்.

ஹட்டன்_ஆசிரியை

நன்றி சேர் எல்லோருக்கும். கையால் செய்கிற முறையையே எடுக்கிறோம். ஜூலியட்டாக ஆண் ஒருவர் நடித்தால் பிழையா? உதட்டுச் சாயம் போடலாமா?

மேடைக்கோணம்

பிழையே இல்லை. அன்று லண்டனில் ஜூலியட் பையன்தான், பெண்கள் அந்த மேடையேறியது 1660இலிருந்துதான். காமன் கூத்தில் ஆண் ரதி வேடம் கட்டுவதைப் பார்த்துப் பழகிய சபைக்கு விளக்கமும் தேவைப்படாது.

சாயத்தை மட்டும் யோசியுங்கள். உதட்டில் ஒற்றிய கை மறுபடி மற்றவர் கையோடு சேர்கிறது, இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பு ஒட்டினால் லைட்டில் காயம் மாதிரித் தெரியும். போட்டபின் டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, மேலே கொஞ்சம் பவுடர் தட்டி, பத்து நிமிடம் காயவிடுங்கள். கைக்குப் பவுடர் வேண்டாம். குளிர்காலக் கதை நாடகத்தில் சிலையை முத்தமிடப் போகும் அரசனை, உதட்டுச் சாயம் இன்னும் ஈரம் என்று சொல்லித்தான் பவுலினா தடுக்கிறாள்.