சதுக்கத்தில் 5 மீட்டர் நீர்ச்சிற்பம்: எத்தனை ஹெச்பி மோட்டார் வேண்டும்?

உளிச்சத்தம் (கோவை):
எனக்கு ஸ்டீல் வேலை தெரியும், தண்ணீர் வேலை புதிது. ஒரு பொது அலுவலகத்தின் முன் உள்ள சதுக்கத்துக்குச் சிற்பம் கேட்டிருக்கிறார்கள். பாதி விரிந்த வாழைக்குருத்து வடிவம், 5 மீட்டர் உயரம், கண்ணாடி பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மேல் விளிம்பு 4 மீட்டர் நீளம். அதிலிருந்து தண்ணீர் திரை போல நேராகக் கீழே விழ வேண்டும். வட்டத் தொட்டி, 6 மீட்டர் குறுக்களவு. போர் தண்ணீர்தான். எத்தனை ஹெச்பி போடலாம்?

பம்ப்செட் மாமா (பீளமேடு):
தம்பி, ஹெச்பியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் ஊரை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 5 மீட்டரிலிருந்து அந்தரத்தில் விட்டால், அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்தவர் சட்டையில்தான் தண்ணீர் விழும். விழும் உயரம் எவ்வளவோ, தொட்டி விளிம்பும் அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. உங்கள் தொட்டியில் நடுவிலிருந்து விளிம்புக்கு இருப்பது 3 மீட்டர்தான். ஆகவே குருத்தின் உடம்போடு ஒட்டி வழியவிடுங்கள். கடைசி ஒன்றரை மீட்டர் மட்டும் தனியாக விழட்டும்.

அப்படி வழியவிட்டால் கண்ணாடி பாலிஷ் ஆகாது. வழுவழுப்பான தகட்டில் தண்ணீர் பரவாமல் கோடு கோடாகப் பிரிந்துவிடும். இலை நரம்பு போலக் குறுக்கே மெல்லிய வரிகள் கொடுங்கள், விரிப்பாக இறங்கும். போர் தண்ணீருக்கும் அதுதான் நல்லது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நீங்கள் மறுபடி நிரப்பும்போது இன்னும் உப்பு சேரும். பாலிஷ் தகட்டில் ஒரே கோடையில் வெள்ளைப் படிவு தெரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் வாங்காதீர்கள், 316 ரகம் வாங்குங்கள். பாசிக்குக் குளோரின் போடத்தான் போகிறார்கள், 304இல் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

தண்ணீர் தனியே விழுகிற கீழ் விளிம்பில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் தகட்டின் அடிப்பக்கமாகச் சுருண்டு பின்னால் ஓடும். விளிம்பு மடியாத டம்ளரில் காப்பி ஆற்றினால் வெளிப்புறம் வழியுமே, அதேதான். கூர்மையாக வெட்டி, அடியில் ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு) போட்டுவிடுங்கள்.

சரி, ஹெச்பி. மேல் விளிம்பில் 1 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தாண்ட, மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 110 லிட்டர். 4 மீட்டருக்கு 440. குழாய் உராய்வையும் சேர்த்தால் 2 ஹெச்பி போதும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற கருவியும், காற்று வலுத்தால் மோட்டாரை நிறுத்தும் காற்றுமானியும் கட்டாயம்.

இதையெல்லாம் விட முக்கியம்: தண்ணீர் இல்லாமல் ஒரு முறை வரையுங்கள். கரண்ட் பில், பழுது, கோடைப் பஞ்சம் என்று பாதி நாள் அது காய்ந்துதான் நிற்கும். சான் பிரான்சிஸ்கோவில் 1971இல் திறந்த வைலன்கோர்ட் நீரூற்றையே 2001 மின்தட்டுப்பாட்டில் நிறுத்திவைத்தார்கள்.

கரோன் கரை (பிரான்ஸ்):
மாமா சொன்ன கடைசி விஷயத்துக்காகவே போர்தோ நகரின் நீர்க்கண்ணாடியைப் பார்க்கச் சொல்வேன். 2006இல் திறந்தது, 3,450 சதுர மீட்டர் கிரானைட் தளம், அதன் மேல் 2 செ.மீ. தண்ணீர். எதிரே உள்ள பழைய பூர்ஸ் (வணிகச் சந்தை) கட்டடம் முழுதும் அதில் தெரியும். தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், அப்புறம் பனிமூட்டம் போலப் புகை எழும். வற்றியிருக்கும் நேரத்தில் அது வெறும் சதுக்கம், ஆட்கள் நடந்து போகிறார்கள். தொட்டியே வேண்டாம் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

பம்ப்செட் மாமா:
தொட்டி வேண்டாம் என்பது நல்ல யோசனை, அம்மா. ஆனால் அந்தப் புகை நமக்கு வேண்டாம். நம் வெயிலில் வெதுவெதுப்பாகக் கிடந்த தண்ணீரைத் திவலையாக்கினால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு நாமே வழிவிட்ட மாதிரி.

தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இறங்கத்தான் செய்வார்கள். லண்டன் ஹைடு பார்க்கில் டயானா நினைவு நீரூற்றை 2004 ஜூலையில் திறந்தார்கள், அதே மாதம் ஆட்கள் வழுக்கி விழுந்ததால் மூடினார்கள். அப்புறம்தான் தரையைச் சொரசொரப்பாக்கினார்கள். நீங்கள் தரைக்கல்லை முதலிலேயே சொரசொரப்பாக எடுங்கள். தண்ணீருக்குள் விளக்கு என்றால் 12 வோல்ட் மட்டும். மோட்டார் தொட்டிக்கு வெளியே, தனிக் குழியில்.

உளிச்சத்தம்:
ரொம்ப நன்றி மாமா. வரி போட்ட வடிவமே எனக்கும் பிடித்திருக்கிறது. காடி எவ்வளவு ஆழம்?

பம்ப்செட் மாமா:
3 மி.மீ.யில் ஆரம்பியுங்கள். ஒரு அடி அகலத் தகட்டில் விளிம்பைக் கூர்மையாக வெட்டி, காடி போட்டு, ஓஸ் பைப்பை மேலே பிடித்துப் பாருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; எந்த அளவில் பின்னால் சுருளத் தொடங்குகிறதோ அந்த அளவை டிரைவில் கீழ் வரம்பாக வையுங்கள். தகடு ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.