வெளியே அடக்குகிறாள், உள்ளே வந்ததும் போய்விடுகிறாள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு 4 மாதப் பெண் நாய்க்குட்டி வந்து 3 வாரம் ஆகிறது. மலம் கழிப்பதில் பிரச்சினை இல்லை, சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போனால் முடித்துவிடுகிறாள். சிறுநீர்தான் சிக்கல். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். 20 நிமிடம் மோப்பம் பிடிப்பாள், இலை அசைந்தால் நின்று பார்ப்பாள், ஆனால் போகமாட்டாள். உள்ளே வந்த மறு நிமிடம் ஹாலில் கால்மிதி மேல் போய்விடுவாள்.

மருத்துவரிடம் காட்டிவிட்டோம், சிறுநீர்த் தொற்று இல்லை. தரை துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தின் வாடை அதே இடத்துக்கு மறுபடி இழுக்கலாம் என்பதால், சிறுநீர் வாடையைச் சிதைத்து நீக்கும் என்சைம் கிளீனருக்கு மாறிவிட்டேன்.

முதல் வாரத்தில் ஒருமுறை சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து சில நேரம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகிறாள். அது என் தவறு, இன்றும் மனசு கேட்கவில்லை. திட்டினால் ‘இங்கே போகக்கூடாது’ என்று குட்டிக்குப் புரியாது, ‘இவர் கண்முன் போகக்கூடாது’ என்றுதான் பதியும் என்று பிறகுதான் தெரிந்தது. வெளியே நான் பக்கத்தில் நிற்கும்போது அடக்குவதும் அதனால்தானோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிப் பயந்த குட்டியைப் பழக்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நீளமான கயிறு கட்டி நான் தள்ளி நின்றால் உதவுமா? போகாமல் திரும்பினால் கூண்டில் 10 நிமிடம் விட்டு மறுபடி கூட்டிப்போகலாமா? அவள் நனைத்த துணியைத் தோட்டத்து மூலையில் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?